விட்ட படிப்பு வீண் படிப்பு அல்ல!

காலை ஐந்தரை மணி. ஒரு காலத்தில் அது நம் மக்கள் பெரட்டுக் களத்துக்கு நடந்த நேரம். கையில் விளக்கு, தோளில் வாளி, இடுப்பில் உளி. இன்று அதே நேரத்தில் ரெம்பியாவிலும் காடேக்கிலும் டுரியான் துங்காலிலும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக் கொண்டு மலாக்காவுக்குப் போகிறார்கள். சிலர் தொழிற்சாலைக்கு, பலர் ஓட்டலுக்கு. சட்டைப் பையில் பெயர்ப் பலகை குத்தியிருக்கும். தோட்டத்தில் இன்னும் இருப்போர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்பாகி, தாமானுக்குக் குடிபெயர்ந்தோர் பிள்ளைகளும் உண்டு.

மலாக்கா நகரம் 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அதன் பிறகு ஓட்டல் என்றால் மலாக்கா, மலாக்கா என்றால் ஓட்டல் என்று ஆகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது. ஆனால் என்ன வேலை? படுக்கை விரிப்பு மாற்றுவது, தட்டு எடுப்பது, முகப்பில் நின்று சாவி கொடுப்பது. பத்து வருடம் உழைத்த பிள்ளைக்கு மேலே, நேற்று வந்த ஒருவர் மேலாளராக வந்து உட்காருகிறார். ஏன் என்று கேட்டால், “அவருக்கு டிகிரி இருக்கு” என்று பதில் வருகிறது.

இந்தச் சங்கதியைப் பற்றித்தான் இன்று நாம் தோட்டத்துப் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

அண்மையில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். பால் மரம் வெட்டிக் காய்த்த கை. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மகளின் படிப்புச் சம்பந்தமான காகிதங்கள். அந்தப் பெண் எஸ்.பி.எம். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் ஓட்டல் நிர்வாக டிப்ளோமா சேர்ந்தாள். மூன்று தவணை படித்தாள். தகப்பனுக்குச் செம்பனைக் குலை விழுந்து தோள் போயிற்று, வருமானம் நின்றது, படிப்பும் நின்றது. இப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மலாக்காவில் ஒரு ஓட்டலில் முகப்பு வேலை. திரும்பப் படிக்க ஆசை. வேலையை விட முடியாது. இணையம் வழி படிக்கலாம் என்று கேள்விப்பட்டு நாலு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள்.

ஒரு இடத்தில், “பழசையெல்லாம் மறந்துடுங்க, முதல்ல இருந்து சேருங்க” என்றார்களாம். இன்னொருவர் தொலைபேசியில், “ஆறே மாசம், டிகிரி கையில. நீங்க படிச்சது, வேலை செஞ்சது எல்லாத்தையும் கழிச்சுக் குடுத்துடறோம். முன்பணம் மட்டும் இன்னைக்கே கட்டுங்க” என்றாராம்.

அந்தத் தாய் நம்மைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஐயா, எம்புள்ள படிச்ச ஒன்றரை வருசம் ஆத்துல போட்ட மாதிரிதானா?”

இல்லை அம்மா, இல்லை. ஆனால் ஆற்றிலிருந்து எடுக்க முறை தெரிய வேண்டும். முறை தெரியாமல் இறங்கினால் மிச்சமிருக்கும் காசும் ஆற்றோடு போகும். முதல் ஆள் சொன்னதும் தவறு. இரண்டாம் ஆள் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. எப்படி என்று பார்ப்போம்.

செக்ரோலும் கிரெடிட்டும்

கல்லூரிக்காரர்கள் ‘கிரெடிட்’ ‘கிரெடிட்’ என்கிறார்களே, அது என்ன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோட்டத்தில் கிராணி செக்ரோலில் நம் பெயருக்கு நேரே ஒரு நாளைக் குறிக்கிறார் அல்லவா? அதுபோல் மாணவன் ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால் அவன் கணக்கில் இத்தனை கிரெடிட் என்று விழுகிறது. நம் நாட்டு முறைப்படி ஒரு கிரெடிட் என்பது சுமார் 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, பயிற்சி, சோதனை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 40 மணி. சான்றிதழுக்குக் குறைந்தது 60 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 90, இளங்கலைப் பட்டத்துக்கு 120. பெரும்பாலான பாடங்கள் மூன்று கிரெடிட் கொண்டவை.

ஒரு கல்லூரியில் விழுந்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்றுக் கொண்டு, “இந்தப் பாடத்தை நீ மறுபடி படிக்க வேண்டாம், இதற்குப் பணமும் கட்ட வேண்டாம்” என்று சொல்வதுதான் கிரெடிட் மாற்றம். இது யாரும் தயவு பண்ணிச் செய்யும் தர்மம் அல்ல. எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனம் வகுத்த விதிகளில் உள்ள வழி.

ஆனால் கொண்டு போனதெல்லாம் அப்படியே ஏற்கப்படும் என்று நினைக்கக் கூடாது. பால் ஸ்டோரில் என்ன நடக்கும்? வாளி நிறைய இருக்கிறது என்று கிராணி எழுதி விடுவாரா? மெட்ரோலாக்கைப் போட்டு, இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். அதே கதைதான் இங்கேயும். புதிய பல்கலைக்கழகம் பழைய பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கும். இரண்டு பாடத்துக்கும் உள்ள பொருத்தம் ஏறக்குறைய நூற்றுக்கு 80 இருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் குறைந்தது ‘சி’ எடுத்திருக்க வேண்டும். மொத்தத்தில் இவ்வளவுதான் ஏற்போம் என்று ஓர் உச்ச வரம்பும் வைத்திருப்பார்கள். ‘சி’க்குக் கீழே எடுத்த பாடம், தேறியதாக இருந்தாலும், அங்கே தண்ணீர்தான்.

ஆகவே முதல் வேலை, பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் படித்த ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் முத்திரையோடு வாங்கி வைப்பது. நம் பிள்ளைகள் படிப்பை விடும்போது வெட்கப்பட்டுக் கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் நின்று விடுகிறார்கள். கட்டண பாக்கி இருந்தால் கல்லூரிப் பக்கமே தலை காட்டுவதில்லை. மூன்று, நான்கு வருடம் கழித்துப் போனால் அந்தக் கல்லூரியே இடம் மாறியிருக்கும், மூடியும் போயிருக்கும். அந்தத் தாயின் மகளுக்கும் இதே கதிதான். பாக்கியைக் கட்டினால்தான் மதிப்பெண் பட்டியல் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். தாயும் மகளும் நேரில் போய்ப் பேசி, தவணை முறையில் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் காகிதம் கைக்கு வந்தது. பேசினால் வழி பிறக்கும். பேசாமல் இருந்தால் ஒன்றரை வருடம் மண்ணோடு மண்தான்.

உழைப்புக்கும் கணக்கு உண்டு

இன்னொரு கதவும் இருக்கிறது. அதை நம்மவரில் பலர் அறியவில்லை. ‘ஏப்பல்’ என்று அழைப்பார்கள். வேலை அனுபவத்தைப் படிப்பாக மதிப்பிடும் முறை. அதில் இரண்டு பிரிவுகளை நாம் தெரிந்து கொண்டால் போதும்.

ஒன்று, ‘ஏப்பல் ஏ’. இது வாசலைத் திறக்கிறது. எஸ்.டி.பி.எம். இல்லை, டிப்ளோமா இல்லை, எஸ்.பி.எம்.மில் போதுமான தேர்ச்சி இல்லை என்றாலும், 21 வயதாகி, சேர விரும்பும் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் இருந்தால், இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது, சான்றிதழுக்கு 19. அதற்கு ஒரு திறன் சோதனை எழுத வேண்டும். தன் வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்து ஒரு கோப்பு கொடுக்க வேண்டும்.

இரண்டு, ‘ஏப்பல் சி’. இது உள்ளே போன பிறகு பயன்படுவது. ஓட்டல் முகப்பில் ஐந்து வருடம் நின்ற பெண்ணுக்கு முகப்பு நிர்வாகம் என்ற பாடத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சமையற்கட்டில் ஏழு வருடம் வெந்த பையனுக்கு உணவுச் சுகாதாரம் தெரியாதா? தனக்குத் தெரியும் என்பதைச் சோதனை எழுதியோ, சான்றுக் கோப்பு கொடுத்தோ நிரூபித்தால், அந்தப் பாடத்தின் கிரெடிட்டைப் பெறலாம். இப்படிப் பெறுவது படிப்பின் மொத்தக் கிரெடிட்டில் நூற்றுக்கு 30க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 120 கிரெடிட் பட்டம் என்றால் 36 வரை.

கவனியுங்கள்: நூற்றுக்கு 30. எல்லாவற்றையும் கழித்துக் கொடுக்கிறோம், ஆறு மாதத்தில் பட்டம் என்று எவர் சொன்னாலும், அவர் விற்பது படிப்பு அல்ல, காகிதம். அந்தக் காகிதத்தை வைத்துக் கொண்டு அரசாங்க வேலைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பெரிய ஓட்டலில் விசாரித்துப் பார்த்தால் இருக்கிற வேலைக்கும் கேடு வரலாம்.

அனுபவத்துக்குச் சான்று வேண்டும் என்றோம். இதிலும் நம் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிக்குப் போன சான்றிதழ், மேலாளர் கொடுத்த பாராட்டுக் கடிதம் எல்லாவற்றையும் கசக்கிப் போட்டு விடுகிறார்கள். ஒரு ஓட்டலை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, அங்கே என்ன வேலை, எத்தனை வருடம் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குவதில்லை. கேட்க வேண்டும். அது நமக்கு உரிய கடிதம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பாதைகள் தெரிகின்றன. பாதியில் நின்ற டிப்ளோமாவின் கிரெடிட்டை வேறு கல்லூரிக்கு மாற்றி, அந்த டிப்ளோமாவை முடித்துக் கொண்டு, பிறகு பட்டத்துக்குப் போவது ஒன்று. வயதும் அனுபவமும் இருப்பதால் ‘ஏப்பல் ஏ’ வழியாக நேரே பட்டத்துக்குப் போவது மற்றொன்று. முதல் பாதை சற்று நீளம். ஆனால் நடுவில் டிப்ளோமா ஒன்று கையில் இருக்கும், மறுபடியும் குடும்பத்தில் கஷ்டம் வந்தாலும் அது நிற்கும். இரண்டாம் பாதை குறுக்கு வழி. ஆனால் பட்டப் படிப்பின் பளுவை முதல் நாளிலிருந்தே தாங்க வேண்டும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பிள்ளையின் திறமையையும் வீட்டு நிலைமையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு?

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே வளாகத்துக்கு வெளியே இருப்போருக்கும் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வேலை பார்த்துக் கொண்டே, மண்ணெண்ணெய் விளக்கடியில் அஞ்சலில் வந்த பாடங்களைப் படித்தவர்கள் உண்டு. அதே 1971ல்தான் இங்கிலாந்தின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை வேலையை விடாமல் பட்டம் பெறட்டும், படித்த பாடங்களைக் கிரெடிட்டாகச் சிறுகச் சிறுகச் சேர்க்கட்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

நம் நாட்டில் மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2000ம் ஆண்டிலும், பினாங்கில் வவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2006லும் தோன்றின. வேலை செய்வோருக்காகவே நடப்பவை இவை. வணிக நிர்வாகப் பட்டம் இரண்டிலும் உண்டு. ஓட்டல் துறைப் பட்டம் இணையம் வழி கிடைப்பது ஒப்பு நோக்கக் குறைவு. சமையற்கட்டையும் படுக்கை அறையையும் கணினித் திரையில் முழுதாகக் கற்றுக் கொடுக்க முடியாது அல்லவா? அதனால் இணையத்தில் ஓட்டல் படிப்பு என்று யாராவது சொன்னால், செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை வாரம், அதற்கு வேலையை விட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

அப்படியானால் ஓட்டல் படிப்பா, வணிகப் படிப்பா? நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். இப்போதே ஓட்டலில் வேலை செய்து கொண்டு, அந்தத் துறையில்தான் தலைமயிர் நரைக்கும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு ஓட்டல் படிப்பு நல்லது. அனுபவக் கிரெடிட் அங்கேதான் அதிகம் ஒட்டும். மற்றவர்களுக்கு வணிக நிர்வாகமே பாதுகாப்பு. 2020, 2021ம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது மலாக்கா ஓட்டல்கள் எப்படி இருண்டு கிடந்தன என்பதை நாம் கண்ணால் கண்டோம். சம்பளம் இல்லாத விடுப்பில் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வணிகப் பட்டம் உள்ளவர் ஓட்டலிலும் இருக்கலாம். ஓட்டல் மூடினால் கிடங்கிலும், கூட்டுறவிலும், தொழிற்சாலை அலுவலகத்திலும் இருக்கலாம்.

இப்போதுதான் எஸ்.பி.எம். முடித்த, இன்னும் எங்கும் சேராத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இணையம் வழிப் பட்டம் என்று அவசரப்பட வேண்டாம். மெர்லிமாவில் அரசாங்கப் பாலிடெக்னிக் இருக்கிறது. மஸ்ஜிட் தானாவிலும் செலாண்டாரிலும் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே கட்டுவது சொற்பம். குறைந்த செலவில் அங்கே சான்றிதழோ டிப்ளோமாவோ எடுத்து, வேலைக்குப் போய், அந்தக் கிரெடிட்டைக் கையில் வைத்துக் கொண்டு பிறகு பட்டத்துக்குப் போவது புத்திசாலித்தனம். ‘பாலிடெக்னிக்கா?’ என்று முகத்தைச் சுளிக்கும் பெற்றோர், தனியார் கல்லூரியின் வண்ணத் தாளைக் கண்டு மயங்கியவர்கள் பட்ட பாட்டையும் கேட்டுப் பார்க்கட்டும்.

மலிவு எது? கணக்குப் போடுவோம்

“எந்தக் காலேஜு சீப்பு?” என்று கேட்கிறார்கள். கிரெடிட் விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காகப் போடும் எண். எந்தப் பல்கலைக்கழகத்தின் விலையும் அல்ல.

முதல் இடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 150 வெள்ளி. பழைய கிரெடிட்டில் 36ஐ ஏற்கிறார்கள். மிச்சம் 84. கட்ட வேண்டியது 12,600 வெள்ளி. இரண்டாம் இடத்தில் கிரெடிட்டுக்கு 130 வெள்ளிதான். ஆனால் 12 கிரெடிட்டை மட்டுமே ஏற்கிறார்கள். மிச்சம் 108. கட்ட வேண்டியது 14,040 வெள்ளி. விலை குறைந்த இடத்தில் 1,440 வெள்ளி கூடுதலாகப் போகிறது! அது மட்டுமா? தவணைக்கு 12 கிரெடிட் என்று படித்தால் முதல் இடத்தில் ஏழு தவணை, இரண்டாம் இடத்தில் ஒன்பது. வேலை முடிந்து வந்து கண் விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு தவணை சின்ன விஷயமா?

இதோடு பதிவுக் கட்டணம், சோதனைக் கட்டணம், கிரெடிட் மாற்றத்துக்கும் ஏப்பலுக்கும் உள்ள கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நல்ல இணைய வசதிக்கும் ஒரு மடிக்கணினிக்கும் பணம் வேண்டும். கைத்தொலைபேசியில் பாடம் கேட்கலாம். இருபது பக்கக் கட்டுரை எழுத முடியாது. தோட்டத்து உள்பகுதியில் தொடர்பு சரியாகக் கிடைக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதனால்தான் சொல்கிறோம்: எத்தனை கிரெடிட்டை ஏற்கிறோம், எந்தெந்தப் பாடம், மிச்சம் எத்தனை, மொத்தச் செலவு எவ்வளவு என்று பல்கலைக்கழகத்தின் கடிதத் தாளில் எழுதி வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். “முதல்ல சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அப்புறம் பார்ப்பது நம் கண்ணீரைத்தான்.

வெளிநாட்டுப் பட்டங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல, வெளியே பெற்ற கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பது உண்மை. அங்கேயும் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்பதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் அவர்கள் கிரெடிட்டை அளக்கும் படி வேறு, நாம் அளக்கும் படி வேறு. எண் ஒன்றாக இருப்பதால் எடையும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. கட்டணமோ டாலரில். வெள்ளி சரிந்தால் நம் கணக்கும் சரியும். கடைசியில் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று தனியே விசாரிக்க வேண்டும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது நம் கருத்து.

அங்கீகாரம் பார்க்காமல் அடி வைக்காதே!

உயர்நிலைத் தனியார் கல்விச் சட்டம் 1996ல் வந்தது. தரம் பார்க்க 1997ல் ஒரு வாரியம் அமைந்தது. அதன் இடத்தில் 2007 நவம்பரில் வந்ததே எம்.கியூ.ஏ. அது ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும், ஒரு காசு செலவில்லாமல், இணையத்தில் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நம் பிள்ளை சேரப் போகும் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்று பார்க்க வேண்டும். வகுப்பறைப் படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் காட்டி இணையப் படிப்பை விற்பவர்களும் உண்டு. இந்தப் படிப்பைத் தொலைவழி நடத்த அனுமதி இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பெற்றோருக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாததால் நகையை அடகு வைத்த குடும்பங்களை நாம் அறிவோம்.

பணத்துக்கு என்ன வழி? பி.டி.பி.டி.என். கடன் 1997லிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சேவைக் கட்டணம்தான். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அது கிடைக்காது. கடன் கிடைக்குமா என்று விசாரிப்பதே ஒரு நல்ல சோதனை. முன்பு படித்தபோது எடுத்த கடன் பாக்கி இருந்தால், ஒளிந்து கொள்ளாமல் முதலில் போய்ப் பேசித் தவணை கட்டிக் கொள்ளுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்தும் தன் படிப்புக்கோ பிள்ளை படிப்புக்கோ பணம் எடுக்க இடம் உண்டு. ஆனால் அது நம் முதுமைக்கு வைத்த கஞ்சி. தகப்பன் தன் கஞ்சியைப் பிள்ளைக்குக் கொடுப்பது நம் சமுதாயத்தில் புதிதல்ல. கொடுப்பதற்கு முன், அந்தப் படிப்பு உண்மையானதா என்று பார்த்துக் கொடுப்பது தகப்பனின் உரிமை. அதைப் பார்த்துச் சொல்வது பிள்ளையின் கடமை.

சேர்த்து வைத்தால் நமது

துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நம் மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார்கள். “பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கப் போகிறார்களாம்” என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். 1961ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர்களின் சொந்தமானது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது ஒரு நாள் நிலமாக நின்றது. நம் பெரியவர்கள் அந்தப் பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கிரெடிட்டும் அப்படித்தான். பாதியில் நின்ற படிப்பும், ஓட்டலில் நின்ற காலும், வெந்த கையும் நம் பிள்ளைகளின் பங்குச் சீட்டு. அதைத் தொலைக்கவும் கூடாது. ஏமாற்றுக்காரனிடம் கொடுக்கவும் கூடாது.

தனித்தனியாக நின்று விசாரிப்பதால்தான் ஏமாறுகிறோம். ரெம்பியா சுற்று வட்டாரத்தில் உள்ள ஆலயங்களும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், தொழிற்சங்கக் கிளைகளும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்கக் கூடாதா? ஒரு மேசை, ஒரு கணினி, விஷயம் தெரிந்த ஓர் இளைஞர் போதும். படிப்பில் சேரப் போகும் பிள்ளையும் பெற்றோரும் வரட்டும். பதிவேட்டைப் பார்ப்போம், கணக்கைப் போடுவோம், கடிதத்தைப் படித்துச் சொல்வோம். திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

அந்தத் தாய் சென்ற வாரம் மறுபடி வந்தார். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது: எந்தப் பாடம் ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்று வரிசையாக. மற்றதற்குக் காத்திருக்கிறார்கள். மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. “ரெண்டு காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் காசு கட்டுவேன்னு சொல்லிட்டா ஐயா” என்றார். தொலைபேசியில் ஆறு மாதப் பட்டம் விற்ற ஆள் மூன்று முறை கூப்பிட்டாராம். மூன்றாம் முறை அந்தத் தாயே எடுத்து, “உங்க படிப்பு பேரு அந்தப் பதிவேட்டுல எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க தம்பி” என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அந்த ஆள் கூப்பிடவில்லை.